காபோன் முகமூடியில் வெள்ளை உதிர்கிறது: வார்னிஷ் அடிக்கலாமா?

செம்பூர்வாசி:
ஹால் சுவரில் ஒரு ஆப்பிரிக்க மர முகமூடி மாட்டியிருக்கிறது. வெள்ளை முகம், கீறல் மாதிரி கண், சிவப்பு உதடு, நெற்றியில் மீன் செதில் போல 9 மேடுகள், உச்சியில் கறுப்புக் கொண்டை. காபோன் நாட்டுப் பொருள் என்று சொல்லி விற்றார்கள். மழை பிடித்ததிலிருந்து கீழே வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது. வார்னிஷ் அடித்தால் நிற்குமா? பேய் முகமா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

உளிச்சத்தம்:
வார்னிஷ் வேண்டாம் சார். ஈரத்துணி, வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். அது பெயிண்ட் இல்லை, நம்ம நாமக்கட்டி ரகக் களிமண்ணாகத்தான் இருக்கும். வார்னிஷைக் குடித்துத் திட்டுத் திட்டாகப் பழுப்பேறிவிடும், பிறகு எடுக்க முடியாது.

கொட்டுவது எது என்று முதலில் பாருங்கள். அடியில் ஒரு வாரம் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். தட்டைச் செதிலாக விழுந்தால் களிமண். சந்தனப் பொடி மாதிரி நைசாக ஒரே இடத்தில் குவிந்தால் மரம் உளுக்கிறது. பின்பக்கம் டார்ச் அடித்தால் 1-2 மி.மீ. வட்ட ஓட்டைகள் தெரியும்.

உளு என்றால் பாலித்தீன் பையில் காற்றைப் பிதுக்கி ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம். வீட்டு ஃப்ரிட்ஜ் பலதும் அவ்வளவு குளிராகாது. வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. உடனே பிரித்தால் பைமேல் வியர்க்க வேண்டியது களிமண்மேல் வியர்க்கும். உளுவும் இருந்து பூச்சும் தளர்ந்திருந்தால் கையே வைக்காதீர்கள், கலைப்பொருள் பராமரிப்பாளரிடம் கொடுங்கள்.

களிமண் மட்டும்தான், வீட்டில் ஏசியும் உண்டு என்றால் அதுதான் குற்றவாளியாக இருக்கும். ராத்திரி ஏசி, பகலில் மழைக்காற்று. மரம் ஊதிச் சுருங்கும், பூச்சு கூடவே போகாது, பிளந்து உதிரும். மழையடிக்கும் வெளிச்சுவரில் இருந்தால் உள்சுவருக்கு மாற்றி, பின்னால் 2 கார்க் துண்டு வைத்துக் காற்றோட விடுங்கள்.

திண்ணைப்பேச்சு:
பேய் இல்லை. நீங்கள் சொல்வது தெற்கு காபோன் புனு மக்களின் பாணி. அழகான பெண் முகம், ஆனால் இறந்தோர் உலகத்தவள், அதனால் வெள்ளை. அந்தச் செதில்கள் அங்கே பெண்கள் அழகுக்காகத் தோலில் கீறிக்கொண்ட தழும்பு. ஆடுவது ஆண், அதுவும் பொய்க்கால் கட்டைமேல் நின்று! உடம்பை முழுக்க மறைக்கும் உடையும் உண்டு. முகமூடியின் விளிம்பில் ஓட்டைகள் இருந்தால் அவை அந்த உடையைக் கட்டத்தான். சுவரில் இருப்பது முழு உருவத்தில் ஒரு துண்டு, அவ்வளவே.

ஆடுபவர் யாரென்று தெரிந்தாலும் ஆப்பிரிக்காவில் பல ஊர்களில் பேர் சொல்லக் கூடாது. சாமி வந்தவரை நாம் மட்டும் "என்ன முருகேசா" என்றா கூப்பிடுகிறோம்?

செம்பூர்வாசி:
அப்போ ஆப்பிரிக்காவில் எங்கும் முகமூடி போடுவது ஆண்தானா?

திண்ணைப்பேச்சு:
பெரும்பாலும் ஆண்தான். சியரா லியோனின் மெண்டே மக்களிடம் வேறு கதை. சாண்டே என்ற பெண்கள் சங்கத்தில் பெண்களே அணிவார்கள், செதுக்குவது மட்டும் ஆண். கறுப்பு, ஹெல்மெட் போலத் தலையை மூடும். கழுத்து மடிப்பு செழிப்புக்கு, சின்ன வாய் அடக்கத்துக்கு.

நைஜீரியா, பெனின் பக்கத்து யோருபா மக்களின் கெலெடே என்ற முகமூடி ஆட்டத்தில் இது தலைகீழ். மூத்த தாய்மாரின் சக்தியைக் குளிர்விக்க ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுவார்கள். மரமுகம் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும், ஆடுபவர் முகத்தை மறைப்பது துணி. 2008-இல் இந்த ஆட்டம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

உளிச்சத்தம்:
விளிம்பு ஓட்டை பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அதில் கம்பி கோர்த்துத் தொங்கவிட வேண்டாம். லேசான மரம், எடை தாங்காமல் அங்கேதான் முதலில் பிளக்கும். அடியில் சின்ன மரத்தாங்கி அடித்து, அதில் உட்கார வையுங்கள்.