அந்த ரெண்டு மலை எங்க இருக்கு டீச்சர்?

டெல்டா டீச்சர்:

பிள்ளைகள் வரைந்த படமோ எழுதிய கதையோ நாடு தாண்டிப் போன அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

திருவாரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது நடந்தது. ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியோடு சேர்ந்து படம் வரையும் வாய்ப்பு தோழி ஒருத்தி மூலம் வந்தது. ஒரு பெரிய கேன்வாஸ் துணி, அதில் இடது பாதியை அவர்கள் வரைந்து சுருட்டி அனுப்புவார்கள், வலது பாதி எங்களுக்கு. அதற்கு முன்னால் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள ‘எங்கள் ஊர்’ என்று ஆளுக்கொரு படமும் நாலு வரிக் கதையும்.

32 பிள்ளைகள். படங்களை வாங்கி மேஜையில் பரப்பினேன். 26 படத்தில் ஒரே ஊர். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு காக்கா. நம்மில் இதை வரையாதவர் யார்? ஆனால் எங்கள் ஊரில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை வயல், மேடு என்றால் வாய்க்கால் கரைதான். தண்ணீர் மதகிலிருந்து வரும், அதுவும் மேட்டூர் திறந்தால். திருத்தி வரையச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில். எங்களுக்கு ஃபுஜி மலை ஒன்றுதான், உங்களுக்கு ரெண்டா, பெயர் என்ன, ஏறியிருக்கிறீர்களா, உச்சியில் பனி உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. அவர்களுடைய டீச்சர் இங்கிலீஷில் எழுதி அனுப்பியதை நான் தமிழில் சொல்லச் சொல்ல வகுப்பு கப்சிப். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “அந்த ரெண்டு மலை எங்க இருக்கு டீச்சர்?” என்றாள். வரைந்தவளே அவள்தான்.

ஒருவன் பழனி என்றான். இன்னொருவன், “அது ட்ராயிங் நோட்டுல இருக்குற மலைடா” என்றான். கடைசியில் அவர்களாகவே கூடிப் பேசி எழுதிய பதில்: “எங்கள் ஊரில் மலை இல்லை. அதனால்தான் வரைந்தோம்.” நான் ஒரு எழுத்து மாற்றவில்லை.

இரண்டாவது தடவை வரைந்ததில்தான் எங்கள் ஊர் வந்தது. ரோட்டில் காயப்போட்ட நெல், அதை ஒதுங்கிப் போகிற டவுன் பஸ், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் மூடிய மூட்டைகள். அவர்களிடமிருந்து வந்ததிலும் வயல்! நாற்று நடும் மெஷின், தொப்பி போட்ட வயல் பொம்மை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் என்ன மழை, இந்தப் பக்கம் என்ன நெல் என்றே பேச்சு ஓடியது.

நிஷிகசாய் அம்மா:

டீச்சர், உங்கள் மலையைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சூரியன் ஞாபகம் வந்தது. டோக்கியோவில் இருக்கிறோம், மகள் இங்கே ஜப்பானியப் பள்ளியில்தான் படிக்கிறாள். முதல் வகுப்பில் மஞ்சள் சூரியன் வரைந்துவிட்டு வந்து உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றால், பக்கத்துப் பையன் “நிலா அழகா இருக்கு” என்றானாம். இங்கே பிள்ளைகள் சூரியனைச் சிவப்பாகத்தான் வரைவார்கள், மஞ்சள் என்றால் நிலா. இரண்டு வாரத்தில் இவளும் சிவப்புக்கு மாறிவிட்டாள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு அனுப்பும் படத்தில் மட்டும் மஞ்சள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று. உயெனோ மிருகக்காட்சிச் சாலைக்குப் போனால் எனக்கு இந்திரா கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. போர்க்காலத்தில், 1943ல், அங்கிருந்த யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். போர் முடிந்த பிறகு டோக்கியோ பிள்ளைகள் யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். 1949 செப்டம்பரில் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு யானை கப்பலில் வந்தது. நேரு தன் மகள் பெயரையே அதற்கு வைத்திருந்தார். இது என் பரிசு இல்லை, இந்தியப் பிள்ளைகள் ஜப்பான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்ற பொருளில் ஒரு கடிதமும் வந்தது. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான்: இந்திராவுக்குக் கன்னடம் மட்டுமே புரியும், அதனால் கூட வந்த பாகன்களிடம் இங்கிருந்தவர்கள் கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டார்களாம். 1983ல் இறக்கும் வரை இந்திரா இங்கேயேதான் இருந்தாள். மகள் கேட்ட ஒரே கேள்வி, “அதுக்கு ஜாப்பனீஸ் எப்பம்மா புரிஞ்சது?”

பழைய பேப்பர்:

எனக்கு 60 தாண்டிவிட்டது, நான் சொல்வது போஸ்டல் ஆர்டர் காலம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949ல் பிள்ளைகளுக்கென்று ஓவியப் போட்டி தொடங்கினார், அடுத்த வருடமே வெளிநாட்டுப் பிள்ளைகளும் கலந்துகொள்ளும்படி ஆனது. எங்கள் டிராயிங் மாஸ்டர் வருடா வருடம் எங்கள் படங்களைச் சுருட்டி டெல்லிக்கு அனுப்புவார். ஒரு தடவையும் பரிசு வரவில்லை, போன படம் போனதுதான். ஆனால் தேர்ந்தெடுத்த படங்களைப் போட்டு ஒரு வருடாந்திர மலர் வரும், அதை நூலகத்தில் புரட்டுவதே எங்களுக்குப் பரிசு. கிழக்கு ஐரோப்பாப் பிள்ளை ஒன்று வரைந்த தெருவில் பாதித் தாள் வெள்ளையாகவே இருந்தது. கலர் தீர்ந்துபோச்சு போல, பாவம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அது பனி என்று மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். திருநெல்வேலி வெயிலில் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரித் தூதர் ஒரு பொம்மை கொடுக்க, அதில் சங்கருக்கு ஆசை பிடித்து, சேர்த்துச் சேர்த்து டெல்லியில் 1965ல் பொம்மை அருங்காட்சியகமே வந்துவிட்டது. ரொம்ப வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பொம்மைகள் அருமை, ஆனால் நான் தேடியது அந்தப் பனித் தெருவை.

சும்மா ஒருவன்:

எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பு. எங்கள் அபார்ட்மெண்டில் இன்டர்நேஷனல் ஆர்ட் எக்ஸ்சேஞ்ச் என்று போன படங்களில் முக்கால்வாசி அம்மாக்கள் வரைந்தவை. பூமி உருண்டை, சுற்றிக் கைகோத்த பிள்ளைகள், ஒரு புறா. சர்டிஃபிகேட் வந்தது, ஃப்ரேம் போட்டாயிற்று. அந்தப் பக்கத்துப் பிள்ளை என்ன வரைந்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. டீச்சர், அந்தக் கேன்வாஸ் என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

டெல்டா டீச்சர்:

நீங்கள் சொல்வது சரிதான், புறா படம் எங்களிடமும் மூன்று வந்தது.

கேன்வாஸ் கதை பெரிய கதை. பார்சலை நடுவில் ஓர் அலுவலகத்தில் மூன்று வாரம் நிறுத்திவிட்டார்கள், பொருளின் மதிப்பு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டுமாம். பாதி வரைந்த துணிக்கு என்ன மதிப்பு போடுவது? கைக்கு வந்தபோது பொங்கல் லீவு முடிந்திருந்தது. ஜப்பானில் மார்ச்சோடு வகுப்பு முடிந்து ஏப்ரலில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள், அதற்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஹாலில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பத்து நாள் சாயங்காலம் ஆறு மணி வரை வேலை. பெயிண்ட் காயாமல் சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஃபேனைக் கழற்றிக் கீழே வைத்துக் காயவைத்தான் ஒருத்தன், நல்லவேளை ஹெட்மாஸ்டர் பார்க்கவில்லை.

அவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, ஒரு புல்லட் ரயிலை வரைந்து நடுக்கோட்டில் பாதியோடு விட்டிருந்தார்கள். மூக்கு அந்தப் பக்கம், மீதிப் பெட்டிகள் எங்கள் பொறுப்பு. எங்கள் ஆட்கள் அதன் பின்னால் நம்ம பாசஞ்சர் வண்டியைக் கோத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பி, கூடைக்காரம்மா, படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த நாலு பேர் எல்லாம் உண்டு.

மார்ச் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது: உங்கள் ரயிலில் ஏன் கதவைச் சாத்தவில்லை, விழுந்துவிட மாட்டார்களா? நான் ஏதோ பாதுகாப்பு, விதி என்று எழுத ஆரம்பித்தேன். மலை எங்கே என்று கேட்டவள் எட்டிப் பார்த்துவிட்டு, “காத்து வரும்ல டீச்சர், அதை எழுதுங்க” என்றாள்.