6 அடி 2 அங்குலக் கூடைப்பந்துப் பையன்: போஸ்ட்டிலேயே விடலாமா, ஃபார்வேர்டு ஆக்கலாமா?

மார்த்தாண்டம்_மாமன்:
அண்ணன்மாரே, ஒரு விவரம் வேணும். மருமகன் பிளஸ் ஒன், வயசு 16, உயரம் 6 அடி 2. ஸ்கூல் டீம்ல அவன்தான் நெட்டை, அதனால போஸ்ட்டுன்னு ரிங்குக்குக் கீழேயே நிறுத்திட்டாங்க. அவனுக்கோ அமெரிக்க என்.பி.ஏ. வீரர் டிம் டங்கன் மாதிரி ஃபார்வேர்டு, அதாவது ரிங்கை விட்டு வெளியவும் வந்து ஆடணுமாம். எது சரி? டங்கனோட அந்த போர்டு ஷாட்டை, பின்பலகையில பட்டு ரிங்குல விழுறதை, எப்படிப் பழக்குறது? இதை நம்பி வேலைக்கு வழி உண்டா?

லோபோஸ்ட்:
ஃபார்வேர்டுதான், யோசிக்காண்டாம். 6 அடி 2 நம்ம மாவட்டத்துலதான் சென்டர், ரிங்குக்கு அடியில நிக்கிற நெட்டை ஆள். மேல போனா அதே உயரத்துல, வெளிய பந்தைக் கொண்டு வர்ற கார்டே நிப்பான். 2015-ல என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களை எடுக்கிற தேர்வு) டல்லாஸ் அணி எடுத்த நம்ம சத்னாம் சிங் 7 அடி 2. இப்பவே வெளிய ஆடிப் பழகலேன்னா, பின்னால அவனை எந்த இடத்துலயும் நிறுத்த முடியாது.

டங்கன் 6 அடி 11, அந்த உயரத்துக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது. அவரோட கால் வேலையை (ஃபுட்வொர்க்) படிக்கலாம். செயின்ட் குரோய் தீவுல நீச்சல்காரரா இருந்தவர். 1989-ல ஹியூகோ புயல் நீச்சல் குளத்தை நாசமாக்கின பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். 1997 டிராஃப்டில் முதல் ஆள், 19 சீசனும் சான் அன்டோனியோ அணிதான், 5 பட்டம். 16 வயசு ஒண்ணும் லேட் இல்லை.

ஷாட்டுக்கு வருவோம். ரிங்குக்கு 45 டிகிரி பக்கத்துல, முதல்ல 2 மீட்டர் தூரம். பந்து கைக்கு வந்ததும் ரிங்கைப் பார்த்துத் திரும்பி, முட்டி மடக்கி நிக்கணும். குறி, போர்டுல இருக்கிற சின்னக் கட்டத்துல தன் பக்கத்து மேல் மூலை. பந்து உச்சி தாண்டி இறங்குறப்போ போர்டுல படணும். ஏறுறப்போ பட்டா ரிங்குக்கு மேல தெறிச்சு அந்தப் பக்கம் போயிரும். உள்ளங்கையால தள்ளினாலும் இதே கதிதான். விரல் நுனியால விட்டாத்தான் பந்து பின்னோக்கிச் சுழலும், அந்தச் சுழற்சிதான் போர்டுல பட்டதும் பந்தைக் கீழ இறக்கும். பத்துல ஏழு விழுந்தா அரை அடி பின்னால போங்க, 3.5 மீட்டர் வரைக்கும். இடப்பக்கமும் அதே கணக்கு. வலப்பக்கம் மட்டும் பழகினவனை டிஃபெண்டர் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுருவான்.

வடசேரி_கோர்ட்:
மேல சொன்னது நல்ல போர்டுக்கு. பள்ளிக்கூட மைதானத்துல பாதி இடத்துல போல்ட் தளர்ந்து போர்டே ஆடும். அதுல பட்ட பந்து செத்து நேரா கீழ விழும், ரிங்கோட பின்பக்கத்துல இடிக்கும். முதல்ல ஒரு ஸ்பேனரை எடுத்துப் பின்னாடி இறுக்குங்க, பாதி சரியாகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து அடிக்கிற மாசங்கள்ல 6.75 மீட்டர் ஷாட் (மூணு பாயிண்ட் தூரம்) பழகுறது வீண். அப்போ கால் வேலை பார்க்கலாம்.

வெளிய ஆட வர்ற போஸ்ட் பையன் முதல்ல மாட்டுறது ட்ராவல்லதான், அதாவது பந்தைத் தட்டாம கூடுதலா கால் எடுத்து வைக்கிற தப்பு. நின்னு பந்து வாங்கி ஜாப் ஸ்டெப் (ஏமாத்த வைக்கிற குட்டி அடி) வெச்சுக் கிளம்பும்போது, பிவட் கால், அதாவது ஊன்றின கால், தூக்குறதுக்கு முன்னாடி பந்து கையை விட்டிருக்கணும். கணக்குல சேராத முதல் அடியான சீரோ ஸ்டெப் ஓடிக்கிட்டே பிடிக்கிறவனுக்கு மட்டும்தான், நின்னு வாங்குறவனுக்குக் கிடையாது.

மார்த்தாண்டம்_மாமன்:
நன்றி அண்ணன்மாரே. சிமெண்ட் கோர்ட்ல ஆடிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்பு மேட்டுல வலின்னு சொல்லுறான்.

லோபோஸ்ட்:
வளர்ற வயசுல அந்த மேட்டுல வலின்னா பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர்ங்கிற முட்டிப் பிரச்சனை. தொடைத் தசை எலும்பை இழுக்கிற இடம் அது. தாவுறதைக் குறைங்க, நின்னபடி ஷூட்டிங் மட்டும். ஆடினதும் 10, 15 நிமிஷம் ஐஸ். நொண்டினா எலும்பு டாக்டர்கிட்ட காட்டணும். கடல் மணல்ல ஓடவிட்டா சரியாகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

ஸ்கோர்டேபிள்:
வேலை பற்றி. வெளிநாட்டு ஒப்பந்தம் அபூர்வம். ஃபார்வேர்டு அம்ஜோத் சிங் ஜப்பான்ல ஆடி, என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீக்ல ஓக்லஹாமா சிட்டி புளூ அணி வரைக்கும் போனார், அவர் 6 அடி 8. நம்ம பசங்களுக்கு நிலையான வழின்னா ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ராணுவம் மாதிரி துறை அணிகள்தான்.

விளையாட்டு ஒதுக்கீட்டுல மத்திய அரசு வேலைக்கு மாவட்டச் சான்றிதழ் செல்லாது. தேசியப் பள்ளி விளையாட்டுன்னா சான்றிதழ் படிவம் 4, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டின்னா படிவம் 3, மாநில அணிக்குத் தேசியப் போட்டி ஆடினா படிவம் 2. போட்டி முடிஞ்ச கையோட வாங்கிருங்க. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இருக்கிற அதே இனிஷியல், அதே பிறந்த தேதி இருக்கான்னு அங்க நின்னே பாருங்க. பிறகு திருத்த அலையணும்.