பானட் பூட்டு: வெளியே நிற்கும் பின்னா, உள்ளே மறையும் கொக்கியா?

கராஜ்விளக்கு: பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிவரும் கிட் காருக்குப் பானட் பூட்டு வாங்க வேண்டும். இப்படித் தனியாகக் கட்டிய கார்களைச் சாலைக்கு அனுமதிக்கும் பிரிட்டனின் ஐவிஏ சோதனைக்குக் கொண்டுபோகப் போகிறேன். ஃபைபர் கிளாஸ் பானட், கீல் கண்ணாடிப் பக்கம், முன்னால் திறக்கும். மேலே நீட்டி நிற்கும் இரண்டு பின், அதில் கம்பி கிளிப். பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. போடலாமா?

திருகாணி: வேண்டாம். அந்தச் சோதனையின் விதிப்படி, வெளிப்பரப்பில் 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். பின்னின் தலையை உருட்டிவிடலாம், சரி. கிளிப் கம்பியை என்ன செய்வீர்கள்? மூன்று மி.மீ. தடிமன் கம்பிக்கு ஆரம் ஒன்றரைதான்.

வேகம்77: ரப்பர் மூடி மாட்டிக்கொண்டு போங்கள். 60 ஷோர் ஏ-க்கு (ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் அளவு) மேல் கடினமில்லாத பொருளுக்கு அந்த ஆரக் கணக்கு தளர்வு. சான்றிதழ் வந்ததும் கழற்றிவிடலாம். கேபிளை இழுத்துத் திறக்கும் உள்பூட்டில் கேபிள் அறுந்தால் பானட்டைத் திறக்கவே முடியாது. எஞ்சினில் தீப்பிடித்த நேரத்தில் அப்படி ஆனால்?

திருகாணி: கேபிள் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். மூடியைக் கழற்றச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். கார் இடித்து ஒருவர் பானட்டின் மேல் விழுந்தால் அந்தக் கம்பி அவர் முகத்தில்தான் குத்தும். சோதனைக்கு முன்னாலும் அதே முகம், பின்னாலும் அதே முகம்.

ஃபைபர்கை: கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும் டிசூஸ் பூட்டு இருக்கிறதே, விமானங்களில் 1930-களிலிருந்து பயன்படுவது. தலை தட்டையாக உட்கார்ந்துவிடும்.

வேகம்77: ஆயில் பார்க்க ஒவ்வொரு முறையும் ஸ்குரூடிரைவர் தேடுவதா? தினசரி ஓட்டும் காருக்கு அது ஒத்துவராது.

திருகாணி: இதில் வேகம்77 பக்கம்தான் நான். கராஜ்விளக்கு, உங்கள் பானட் முன்னால் திறப்பது. அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மணிக்கு 100 கி.மீ.யில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். விளிம்பு கொஞ்சம் தூக்கிக் காற்று உள்ளே புகுந்தால், ஒரு சதுர மீட்டர் பானட்டில் ஏறத்தாழ 47 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. பானட் மடங்கிக் கண்ணாடியில் அறையும். திறந்தால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் இந்த மாதிரி பானட்டுக்கு இரண்டாவது பிடி வேண்டும் என்று அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 113-ஏ சொல்கிறது. கேபிள் பூட்டு ஒன்று, கையால் விடுவிக்கும் பாதுகாப்புக் கொக்கி தனியாக ஒன்று.

ஃபைபர்கை: எதைப் போட்டாலும் சின்ன வாஷரோடு நிறுத்திவிடாதீர்கள். என் முதல் காரில் பூட்டுத் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. பிடி கெட்டியாகத்தான் இருந்தது, அதைத் தாங்கிய ஃபைபர்தான் பிய்ந்துகொண்டிருந்தது. அடியில் அகலமான அலுமினியத் தகடு வைத்து, அதையும் ஃபைபரோடு சேர்த்து ஒட்டியபின் தொல்லை இல்லை.

வேகம்77: கொக்கி இரண்டு என்றால் சம்மதம். மூடியைக் கழற்றும் பேச்சையும் விட்டுவிடுகிறேன். ஆனால் பூட்டியது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் மாற மாட்டேன். உள்கொக்கி பாதி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

திருகாணி: மூடியதும் முன்விளிம்பை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மாட்டவில்லை.

கராஜ்விளக்கு: பின்னைக் கைவிட்டேன். கேபிள் பூட்டு, தனிக் கொக்கி, அடியில் தகடு. கேபிள் அறுந்தால் இழுக்க, சக்கர வளைவுக்குள் கை எட்டும் இடத்தில் இன்னொரு கேபிள். தகட்டை ஒட்டும் முன் படம் போடுகிறேன், இடம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.