ரோஜா ஆறடி வளந்துருச்சு, ஒரு மொட்டு இல்ல. வெட்டலாமா?

ஆனையூர் மாடி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசம் முன்னாடி தள்ளுவண்டில சிவப்பு ரோஜா ஒட்டுச்செடி 120 ரூவா குடுத்து வாங்குனேன், மொத வருசம் உள்ளங்கை அகலத்துக்கு பூத்துச்சு, இந்த வருசம் அக்னி வெயில்ல சுருண்டு போயி ஆடிக்கு மேல தேறி இப்ப சரசரன்னு ஆறடிக்கு ஏறி நிக்குது, ஆனா பேருக்குக்கூட ஒரு மொட்டு கிடையாது. பழைய கிளை ஒண்ணு நுனில இருந்து கருப்பா காஞ்சு கீழ எறங்கிக்கிட்டே இருக்கு. வாழைப்பழத்தோலு, முட்டை ஓடு, டீத்தூளு எல்லாம் போட்டாச்சு. யூடியூப்ல ஒருத்தர் ஒரு அடிக்கு மொட்டையடிங்கன்னு சொல்றாரு, எங்க அத்தை மழைக்காலத்துல கத்தி வச்சா செடி பட்டுப்போகும்ங்குறாங்க. ஐப்பசி பொறந்ததுல இருந்து தெனம் சாயங்காலம் மழை வேற. என்ன செய்ய?

செல்லூர் அக்கா:
கத்தரிய எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஆறடி கிளை எங்க இருந்து கெளம்புதுன்னு பாரும்மா. அடித்தண்டுல முடிச்சு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதுதான் ஒட்டு கட்டுன எடம். அதுக்கு மேல இருந்து வந்தா உன் ரோஜா. கீழ இருந்தோ மண்ணுக்குள்ள இருந்தோ வந்தா அது வேருக்காக வச்ச காட்டு ரோஜா, நீ போடுற உரத்தையெல்லாம் அதுதான் தின்னுக்கிட்டு இருக்கும். இலையையும் பாரு, பெரிய பூ ரகத்துல அனேகமா ஒரு காம்புக்கு 5, காட்டுச்செடில 7. ஆனா நல்ல செடிலயும் சமயத்துல 7 வரும், எண்ணிக்கைய மட்டும் நம்பிறாத, நான் அப்படி எண்ணி எண்ணியே ஒரு மஞ்ச ரோஜாவ காலி பண்ணேன் 😭 காட்டுக்கிளைன்னா மண்ணத் தோண்டி கெளம்புற எடத்துலயே பிச்சு எடுத்துரு, மேலோட்டமா வெட்டுனா ஒண்ணு நாலாயிரும்.

நிலக்கோட்டைக்காரன்:
அக்கா சொன்னத மொத பாருங்க. மத்தபடி உங்க அத்தை சொல்றது பாதி சரி. கவாத்துக்கு, அதாவது கிளைய வெட்டி விடுறதுக்கு, காலம்னா நம்ம பக்கம் ஐப்பசில இருந்து மார்கழி வரைக்கும்தான், ஆனா வெட்டுவாய் ஈரத்துலயே இருந்தா பூஞ்சாணம் எறங்கும், அந்த கருப்பா காயுறது நுனிக்கருகல் நோய், அதுவும் பூஞ்சாணந்தான். ரெண்டு மூணு நாள் வெறிச்ச நேரமா பாத்து காலைல வெட்டுங்க. கருகுன கிளைக்கு மட்டும் நாள் பாக்காதீங்க, கருப்பு முடிஞ்சு ரெண்டு இஞ்சு கீழ, உள்ள சோறு வெள்ளையா தெரியுற வரைக்கும் எறக்கிருங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிய டெட்டால் துணில தொடைக்கணும், வெட்டுவாய்ல காப்பர் ஆக்சி குளோரைடுங்குற பூஞ்சாண மருந்துப் பொடிய தண்ணில கொழச்சு அப்பிருங்க. மொட்டையெல்லாம் வேணாம், பாதி உசரம் போதும், வெளிப்பக்கம் பாக்குற கணுவுக்கு கால் இஞ்சு மேல, தண்ணி கணுவுக்கு எதிர்ப்பக்கம் வடியுற மாதிரி சரிவா. ஒன்றரை ரெண்டு மாசத்துல பூ பாக்கலாம். (எங்க காட்டுல இருக்குறது மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போற பன்னீர் ரோஸு, அதுக்கு இவ்வளவு சீராட்டு கிடையாது.)

மாடித்தோட்ட வாத்தியார்:
வெட்டுன ஒடனே உரத்தக் கொட்டாதீங்க, துளிர் செவப்பா வந்தப்புறம் கடலைப்புண்ணாக்கு ஊறவச்ச தெளிவு மட்டும் ஊத்துங்க. போர் தண்ணி உப்பா இருந்தா மழைத்தண்ணிய பிடிச்சு வச்சுக்கங்க, எங்க வீட்ல இலை ஓரமெல்லாம் கருகுனதுக்கு அதுதான் காரணம். வாழைத்தோல பச்சையா போட்டா எறும்புதான் வரும்.

ஆனையூர் மாடி:
அக்கா இன்னைக்கி தோண்டிப் பாத்தேன், தலையில அடிச்சுக்கிட்டேன். ஆறடி கிளை மூணும் ஒட்டுக்கு கீழ!! காஞ்சுக்கிட்டு இருக்குற அந்த ஒத்தக்கிளைதான் என் ரோஜாவே, அதத்தான் மொத வெட்டி எறியலாம்னு இருந்தேன். அண்ணே சொன்ன மாதிரி கருப்ப எடுத்துட்டு மருந்து வச்சுட்டேன், முக்கா அடி மிச்சம், ரெண்டு கணு உசுரோட இருக்கு. அத்தைதான் கொடை பிடிச்சாங்க. பிச்சுப் போட்ட காட்டுக்கிளைய பாத்துட்டு, இம்புட்டு வாளிப்பா இருக்கே, தூக்கிப் போடவா போறங்குறாங்க.

செல்லூர் அக்கா:
போடாத. பென்சில் தண்டி குச்சியா முக்கா முக்கா அடிக்கு வெட்டி தனித் தொட்டில ஊனி வை, சுலுவா வேர் பிடிக்கும். உன் சிவப்பு துளிர்த்து தேறுனப்புறம் அதுல ஒரு கண்ண (கணுவுல இருக்குற துளிர் முளைய) எடுத்து இதுமேல ஒட்டு கட்டிறலாம், நான் வந்து காட்டித் தாரேன்.