மறுமொழி: 'கெரிக்மா' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். 'கெரிக்மா' கிரேக்கச் சொல்; இயேசுவைப் பற்றி முதல் கிறிஸ்தவர்கள் ஊரறிய அறிவித்த செய்தியைக் குறிக்கும். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஒருவர் இப்படிக் கேட்டார்:

> 'நற்செய்தி' என்றே போட்டுவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

போடலாம் ஐயா. ஆனால் நான் மொழிபெயர்க்கும் பாடக்குறிப்பில் ஒரே வரியில் நற்செய்தி நூலும் கெரிக்மாவும் வருகின்றன. 'மாற்கு நற்செய்தி' என்றால் புத்தகம். கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் (15ஆம் அதிகாரம்) பவுல் அடுக்குகிறாரே, அது புத்தகம் அல்ல. அந்தக் கடிதம் கி.பி. 55 வாக்கில் எழுதியது. மாற்கு 70ஐ ஒட்டி வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. ஏட்டுக்கு முன்பு வாய்வழியாகப் போன செய்திக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

'சுவிசேஷம்' எனக்குப் பிடித்த சொல். தருமபுரி பேருந்து நிலைய டீக்கடையில் 'என்ன விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள், யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள், நடந்ததைச் சொல்வார்கள். (வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் அதையும்!) அது மொழிபெயர்க்கும் 'யூவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லும் அப்படித்தான். கி.மு. 9ஆம் ஆண்டு பிரியேனே (இன்றைய துருக்கியில் இருந்த கிரேக்க நகரம்) கல்வெட்டில், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்ததைக் கொண்டாட அந்தச் சொல்தான் வருகிறது. என்ன செய்வது, சுவிசேஷமும் நூற்பெயர் ஆகிவிட்டது.

கெரிக்மாவுக்கு வேர் 'கெரிக்ஸ்'. அரசன் சொன்னதை ஊருக்குள் கூவி அறிவிப்பவன். முதலில் 'பறையறைவு' என்று எழுதினேன். படித்த நண்பர், "அந்தப் பறையை யார் கையில் கொடுத்து அடிக்க வைத்தார்கள் என்று மறந்துவிட்டதா?" என்றார். எடுத்துவிட்டேன்.

இப்போது 'சாற்றுரை' என்று வைத்திருக்கிறேன். சாற்றுதல் என்றால் ஊரறிய அறிவித்தல், பேச்சில் 'சாட்டுதல்'. எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு 'சாட்டியாச்சா?' என்று கேட்பார்கள். சாட்டிவிட்டால் பண்டிகை உறுதி. காப்புக் கட்டியபின் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பார்கள். கேட்டவர் சும்மா இருக்க முடியாது. 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்று மாற்கு 1:15இல் வருவதும் இந்த வகை அறிவிப்புதானே?

– தருமபுரியிலிருந்து

—

அம்மா, சாட்டுதல் அருமை. ஆனால் 'சாற்றுரை' என்றதும் எனக்குக் கரும்புச்சாறுதான் நினைவுக்கு வந்தது. அது போகட்டும், 'உரை'தான் இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறையுரை மாதிரி ஆகிவிடும். அறிவிப்பு வேறு, போதனை வேறு என்று 1936இல் பைபிள் அறிஞர் சி. எச். டாட் பிரித்துக் காட்டினார். அவர் பிரித்ததை நாம் ஒட்டவைப்பானேன்? 'சாற்றுச்செய்தி' எப்படி?

– கிருஷ்ணகிரியிலிருந்து

—

சரி ஐயா, உரையை விட்டுவிடுகிறேன். 'சாற்றுச்செய்தி' நற்செய்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. 'பேதுரு சாற்றினார்' என்று வினையாகவும் வளைகிறது. கரும்புச்சாறு மட்டும் இன்னும் போகவில்லை. முதல் முறை வரும் இடத்தில் 'ஊரறியச் சாற்றிய செய்தி' என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்கிறேன்.