இரணைமடுத் தண்ணீரும் எங்கள் அப்புவும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை ஒரு தம்பி எழுதியிருந்தார், எங்கள் பெரியவர்களுக்கு அரசாங்கம் கிளிநொச்சியில் சும்மா காணி கொடுத்தது, இவர்கள் போய் இருந்தார்கள் என்று. அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படித்ததிலிருந்து அப்புவின் நினைவாகவே இருக்கிறது. தை மாதம் அவருடைய திவசமும் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பு, அதாவது அம்மாவின் தகப்பன், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர். கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து ஆண்பிள்ளைகள் ஐந்து பேர், தகப்பனிடம் இருந்ததோ ஆறு பரப்புத் தோட்டம். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒருவன் நின்று திரும்பத்தான் இடம் இருக்கும். மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையில்லாத பெடியளின் தொகையையும் குறைக்கவென்று 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது அவருக்கு 24 வயது, கலியாணமாகி ஒரு வருஷம். ஆச்சியின் தாய் வீட்டில் செத்த வீடு போல அழுதார்களாம், பிள்ளையைக் காய்ச்சல் காட்டுக்கு அனுப்புகிறோமே என்று. அந்தப் பயம் நியாயமானது. 1934, 35 இல்தான் மலேரியா இலங்கையில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிருந்தது.

குளம் அப்போதே இருந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கி 1920 இல் முடித்த இரணைமடு. தண்ணீர் இருந்தது, கீழே வயல் இல்லை, பாலையும் வீரையும் முதிரையுமாகக் காடுதான் நின்றது. தறித்து, எரித்து, கிளப்ப முடியாத வேர்க்கட்டைகளை அப்படியே விட்டு நடுவில் விதைத்தார்கள். முதல் காலபோகத்தை, அதாவது மாரிகால நெல்லை, யானை தின்றுவிட்டது. இரண்டாம் வருஷம் காவல் கொட்டில் போட்டு, இரவு முழுக்கத் தகரம் தட்டி, விடிய வந்து படுக்காமல் மண்வெட்டியை எடுத்திருக்கிறார்.

அப்புவுக்குத் தெரிந்தது தோட்டச் செய்கை. வயல் பழக்கியவர்கள் கண்டாவளைப் பக்கத்துப் பழைய வன்னிச் சனங்கள்தான், இதை நாங்கள் மறக்கக் கூடாது. "தோட்டக்காரன் வயலையும் பாத்தி கட்டிக் கொத்துறான்" என்று முதலில் சிரித்தவர்கள், பிறகு ஏர் பூட்டிக் கொடுத்தார்களாம். மண் உழவுக்குப் பதமா என்று பார்ப்பதற்கு அவர்கள் காட்டிய வழியை அப்பு எனக்கும் காட்டியிருக்கிறார். வெறுங்காலோடு வயலுக்குள் பத்து எட்டு நடக்க வேண்டும். கால்விரல் இடுக்கால் களி மேலே பிதுங்கினால் இன்னும் இரண்டு நாள் பொறு. காலடியில் ஒட்டி, உதறியவுடன் கட்டியாக விழுந்தால் மாட்டைக் கொண்டுவா. எனக்கு அப்போது எட்டு வயது, அந்தக் களியின் குளிர் இன்னும் காலில் இருக்கிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் போவதையும் அவர்களிடமிருந்துதான் பழகினார். பிறகு ஒரு பங்குனியும் தவறவிட்டதில்லை.

இனி, எங்கள் வீட்டில் அதிகம் கதைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு மூத்தது ஒரு பெண் குழந்தை. 1939 இல் இரண்டரை வயதில் காய்ச்சலில் போய்விட்டது. கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரு பெரிய பாலை மரத்தடியில் தாட்டார்கள். அப்பு அழவில்லையென்று சனம் கதைத்ததாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் மம்பட்டி கழுவப் போனால் வாய்க்காலுக்குள் நெடுநேரம் நின்றுவிட்டு வருவார் என்று ஆச்சி சொல்லுவார். 1946 க்குப் பிறகு டிடிடி மருந்துக்காரர் வந்து வீட்டுச் சுவரெல்லாம் அடித்துவிட்டுப் போனார்கள், காய்ச்சல் கண்முன்னே குறைந்தது. அன்று ஆச்சி, ஏழு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று கேட்டு அழுதாராம். தம்பி, சும்மா கிடைத்த காணி என்று எழுதினீர்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

காணியும் அவருக்கு உடனே சொந்தமாகிவிடவில்லை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட். நினைத்தபடி விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பிள்ளைகளுக்குத் துண்டு போட முடியாது, தனக்குப் பிறகு காணி போய்ச்சேரும் ஒரு பின்னுரித்தாளியின் பெயரைத்தான் எழுதலாம். எல்லாரும் மூத்த மகனை எழுத, அப்பு எங்கள் அம்மாவை எழுதினார். களை பிடுங்கியதும் இரவில் தண்ணீர் கட்ட லாம்போடு கூட வந்ததும் அவள்தான் என்று ஒரே பேச்சு. மாமாமார் இரண்டு வருஷம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர்கள் வீட்டுக்குப் புது அரிசி மூட்டையைத் தானே வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்புவார். மூன்றாம் பொங்கலுக்குப் பெரிய மாமா பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இறங்கினார்.

எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தைத் தடுத்து வைத்திருந்த காலத்தில்தான் எங்களுக்குக் கல்வீடு வந்தது. செத்தல் மிளகாய்க் காசு. 1977 க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழுந்தது. அப்பு பேசாமல் நெல்லோடு நின்றுகொண்டார்.

1996 புரட்டாசியில் ஆமி முன்னேறிவரக் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடியது உங்களில் பலருக்குத் தெரியும். அப்புவை வண்டியில் ஏற்றி ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். பொலித்தீனில் சுற்றிய பெர்மிட்டை மடியில் வைத்திருந்தாராம். அங்கே ஒரு தறப்பாள் கொட்டிலில் நாலு மாதம். மாரி மழை. யார் வந்தாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "குளத்திலை எத்தினை அடி?" நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கேள்விதானே. அம்மாவுக்குத் தெரியாது, ஆனாலும் மனம் ஆறட்டும் என்று தினமும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் 28 அடி என்றாராம். அப்பு கண்ணைத் திறந்து, "நேற்று முப்பதெண்டாய். மழையும் பெய்யுது. துருசைத் திறந்திட்டாங்களோ?" என்று கேட்டார். துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. அன்றிலிருந்து அம்மா பொய் சொல்லவில்லை, சின்ன மாமாதான் சைக்கிளில் போய் விசாரித்துக்கொண்டு வருவார்.

1997 தை மாதம் மோசம் போனார். வயது 85. பேரப்பிள்ளைகளில் பந்தம் பிடிக்க அங்கே நின்றது இரண்டு பேர். நான் டொரொன்டோவில், அம்மாவின் கடிதம் வந்து சேர்ந்தபோது அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. கீரிமலைக்குப் போகப் பாதை இல்லாதபடியால் சாம்பலை இரணைமடுவில் கரைத்தார்கள். குளம் நிறைந்திருந்தது என்று அந்தக் கடிதத்தில் தனி வரியாக எழுதியிருந்தார்.

பெர்மிட் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. 2012 இல் நான் போய் வாய்க்கால் கரை முழுவதும் நடந்து பார்த்தேன், அந்தப் பாலை மரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்துக் காணிகளில் இருந்த பெரியவர்கள் யாராவது இன்னும் கதைக்கக்கூடிய நிலையில் இருந்தால் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். மதகில் இருந்து கிழக்கே, நெல் சூடு மிதித்த பழைய களவெட்டிக்குப் பின்னால் என்று மட்டும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது.