ரயிலில் வரைவதற்கு எந்த ஏடு, எந்த மை?

கேள்வி:
தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நாள்தோறும் மின்ரயிலில் செல்லும் நான், எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களை வரைந்து பழக விரும்புகிறேன். என்னிடமுள்ள ஏ4 ஏடு மடியில் அடங்குவதில்லை. பென்சில் கோடுகள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக் கறையாகின்றன. மைப்பேனாவால் வரைந்ததன்மேல் நீர்வண்ணம் பூசினாலோ கோடு கரைந்து ஓடுகிறது. எதை வாங்கலாம்? அசைந்துகொண்டே இருப்பவர்களை எப்படி வரைவது?

மறுமொழி 1:
கெட்டி அட்டை போட்ட ஏ5 (148 × 210 மி.மீ.) ஏடு போதும்; அட்டையே பலகையாகிவிடும். சாதாரண ஃபவுண்டன் பேனா மையில் இருப்பது பெரும்பாலும் நீரில் கரையும் சாயம் என்பதால்தான் கோடு கரைகிறது. பிக்மென்ட் மை (நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை) உள்ள நுண்முனைப் பேனாவால் வரைந்து, நன்றாக உலரவிட்டுப் பூசினால் கோடு நிற்கும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் ஈரம் பட்டதும் நெளியும். 150 ஜிஎஸ்எம் இலேசான பூச்சைத் தாங்கும். 300 ஜிஎஸ்எம் தாள் நீர்வண்ணத்துக்கு அருமையானது, ஆனால் பக்கங்கள் குறைந்து ஏடு கனத்துவிடும். 6பி போன்ற மிக மென்மையான பென்சிலை விட்டு, அதைவிடக் கெட்டியான எச்பி அல்லது 2பி எடுத்து, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்தால் கறை வெகுவாகக் குறையும்.

மறுமொழி 2:
ரயிலில் வண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து. பயணங்களில் சிற்றேடுகளோடு திரிந்த ஆங்கில ஓவியர் டர்னர், பார்த்த இடத்தில் பெரும்பாலும் பென்சிலால் மட்டுமே குறித்துக்கொண்டார். ஒரு வண்ணப்படம் போடும் நேரத்தில் பதினைந்து, பதினாறு பென்சில் படங்கள் போட்டுவிடலாம் என்று 1819இல் இத்தாலியில் அவர் சொன்னதாக அக்காலக் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. விலையுயர்ந்த தாள் முன்னால் இருந்தால், கெட்டுவிடுமோ என்று கை தயங்கும். பழகுவதற்கு மலிவான ஏடே நல்லது.

மறுமொழி 3:
அசைபவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! முகத்தில் தொடங்காதீர்கள். தலையிலிருந்து தோள் வழியாக இடுப்பு வரை உடல் சாயும் போக்கை முதலில் ஒரே கோட்டில் பிடித்துவிட்டால், அவர் திரும்பிக்கொண்டாலும் படம் நிற்கும். அசைந்துவிட்டால் அதே பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குங்கள். மனிதர்கள் பழைய இருப்புக்கே திரும்புவது வழக்கமாதலால், முதல் படத்தைப் பிறகு தொடரலாம். உறங்குபவர்களும் கைபேசியில் மூழ்கியவர்களும் தொடக்கத்துக்கு ஏற்றவர்கள். யாராவது கவனித்துவிட்டால் ஏட்டைக் காட்டிவிடுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால் அந்தப் படத்தை அத்தோடு விட்டுவிட்டு, ஜன்னல் கம்பியையோ மேலே ஆடும் கைப்பிடிகளையோ வரையலாம்.